வாகனம்

செக்காலைப் பட்டறையில் நாலு பேர் தூக்கி
என் குட்டியானையில் ஏற்றினார்கள் நாயை.
முதுகெலும்பு சைக்கிள் செயின்,
காது இரண்டும் வெட்டிய தோசைக்கல்,
வயிறு நெடுக நீலப்பூப் போட்ட எனாமல் தட்டு,
மடிக்கு ஆறு பித்தளைக் குழாய்.
"வைரவர் நாய் ஆணில்லையா?" என்றேன்.
"பாத்தீங்களா?" என்றாள் சிகப்பி,
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி.
பார்த்ததில்லை.
வைரவன்பட்டிக்குப் பத்துத் தடவை போயிருப்பேன்,
அவர் காலடியில் நிற்பதை
யார் குனிந்து பார்த்தார்கள்?

கயிறு கட்டும்போது கவனித்தேன்,
முதுகில் ஆளில்லை.
ஏறி உட்கார ஒரு பள்ளம் மட்டும்,
முகம் தெரிகிற அளவுக்குச் சாணை பிடித்து.
"சாமி எங்க?"
"இறங்கிட்டார்."
அவளுக்கு போன் வந்தது. அவ்வளவுதான் பேச்சு.

பள்ளத்தூர் தாண்டிப் பந்தோபஸ்து,
அமைச்சர் வருகிறாராம்.
"என்ன லோடு?"
"வாகனம் சார்."
"இதுதான்யா வாகனம். மேல என்ன?"
"அதுவும்தான்."
"யாரோடது?"
"வைரவரோடது."
"ஆர்.சி. புக்கு அவர் பேர்லயா?"
இருவரும் சிரித்தோம்.
தார்ப்பாயைத் தூக்கிய கான்ஸ்டபிள்
தொப்பியைக் கழற்றினார்,
எதற்குக் கழற்றினோம் என்று தெரியாமல்
அதாலேயே விசிறிக்கொண்டார்.

அப்போது வெயில் பட்டு
இடது கண் என்னைப் பார்த்தது.
ஹெட்லைட் கண்ணாடி.
மேல் ஓரத்திலிருந்து
மூன்று கிளையாய் இறங்கும் விரிசல்.

போன ஐப்பசி, பள்ளத்தூர் வளைவு, மழை.
அது குறுக்கே வந்ததும்
பால் கட்டிய மடி ஆடியதும் ஒரே நொடி.
நிறுத்தவில்லை.
நிறுத்தினால் பின்னால் வந்த பஸ்
என் மேல் ஏறியிருக்கும் என்று
இத்தனை மாதமாய்
மனதுக்குள் ஒரு பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.
மறுநாள் ஷெட்டில் கழற்றிய லைட்டைப்
பழைய இரும்புக்காரன் அள்ளிப்போனான்.

என்னுடையதுதான் என்று சொல்ல முடியாது.
காரைக்குடியில் உடைந்த ஹெட்லைட்டுக்கா பஞ்சம்.
சிகப்பியிடம் கேட்டிருக்கலாம்,
எங்கே எடுத்தீர்கள், மடி எதற்கு வைத்தீர்கள் என்று.
கேட்டால் சொல்லிவிடுவாள்.

கானாடுகாத்தானில்,
கல்யாணமும் சூட்டிங்கும் மட்டும் நடக்கிற வீடு.
இரண்டாம் கட்டு முற்றத்தில் இறக்கினோம்.
முன்னமே வந்திருந்தன
ஹெல்மெட் போட்ட மூஞ்சூறு,
கண்ணாடி வயிற்றுக்குள்
பால் பாக்கெட் உறைகள் தெரிகிற நந்தி,
செல் டவரில் கால் மாற்றி நிற்கும் மயில்.
விலைச்சீட்டில் மூன்று லட்சத்து நாற்பதாயிரம்.
"தொடாதீர்கள்" ஒட்ட வந்த பெண்
எட்டாமல் நாயின் மேலேயே கை ஊன்றிக்கொண்டாள்.

சாயங்காலம் திறப்பு.
வந்தவர்கள் முதுகுப் பள்ளத்தில் முகம் பார்த்துத்
தலையைச் சரிசெய்துகொண்டார்கள்.
சென்னைக்காரர் ஒருவர்
லிஃப்டில் போகுமா என்று அளந்தார்.
யாருமில்லாத நேரம் பார்த்து
ஒரு குழாயைத் திருகினேன்.
வரும் என்றா நினைத்தேன்?
விரலில் பச்சைக் களிம்பு.

திரும்பும்போது அதே கான்ஸ்டபிள்.
"இடது லைட்டு எரியலயே?"
மாற்றிய நாளிலிருந்து லூஸ் கனெக்‌ஷன்.
முற்றத்தில் எரியுது சார்
என்று வாய்வரை வந்தது.
ஐநூறு ரூபாய். ரசீதில்
வாகனம் என்ற இடத்தில் நம்பரை எழுதிவிட்டு
என் பேரைக் கேட்டார்.
சொன்னேன்,
எழுத்துக் கூட்டி, இரண்டு தடவை.

பள்ளத்தூர் வளைவில்
ஒற்றை வெளிச்சம் ஒருபக்கமாய்ச் சாய்ந்து
கருவேலம் புதரைத் தடவியது.
நிறுத்தினேன்.
பின்னால் பஸ் எதுவும் வரவில்லை.